கிந்தனாரும் கலைவாணரும்

நுழையும்முன்

ஆய்ந்தறிந்த உண்மை ஒன்றைச் சொல்லும். சமயத்தின் பெயரால் நிற்கும் அதிகாரம் வேறொன்றைச் சொல்லும். இரண்டும் எதிரெதிரே நிற்கும்போது மனிதன் எதன் பக்கம் நிற்பது? பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று வலியுறுத்திய கலிலியோவை 1633ஆம் ஆண்டு உரோமையில் சமயத் தலைமை விசாரித்துத் தண்டித்தது. ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் அவ்வரலாற்றை நாடகமாக்கி, இக்கேள்வியை உலக மேடையில் எழுப்பினார். தமிழ் மேடையிலும் இதே கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவர் மக்களைச் சிரிக்க வைத்தபடியே எழுப்பினார். அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

கரிசல் நிலத்து இரவு மேடை

சிவகாசியை ஒட்டி அமைந்த ஊர் விஸ்வநத்தம். இன்று தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களால் அறியப்படும் இக்கரிசல் வட்டாரத்தில், மின்விளக்கு வருவதற்கு முன்பிருந்தே திருவிழா இரவுகளில் நாடகம் நடந்து வந்தது. வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் பவளக்கொடியும் விடிய விடிய நடைபெற, மக்கள் பாய் விரித்து அமர்ந்து பார்ப்பர். எழுத்தறியாதோர்க்கு அம்மேடையே நூலகம், அதுவே நீதிநூல்.

அம்மேடையில் புராணக் கதைக்குள் புதிய செய்தியை வைக்க முடியும் என்று காட்டிய கலைஞர் ஒருவர் இவ்வட்டாரத்திலேயே பிறந்தவர். சிவகாசியில் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று நாட்டு விடுதலையைப் பாடினார். 1940ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னையில் அவ்வேடத்திலேயே மேடையில் உயிர் துறந்தார். அவர் புராண வேடத்துக்குள் விடுதலையை வைத்தார். பக்திக் கதையின் வடிவத்துக்குள் பகுத்தறிவை வைத்தவர் கலைவாணர்.

ஒழுகினசேரிச் சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சுடலைமுத்து – இசக்கியம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். வறுமை அவரைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்தியது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனின் கண்கள் மேடையை விட்டு அகலவில்லை. வில்லுப்பாட்டு அவருக்கு முதல் கலையாயிற்று. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பாடல், நடிப்பு, வசனம், ஒத்திகை என அனைத்தையும் அங்குக் கற்றார். பள்ளி தராத கல்வியை மேடை தந்தது. பிற்காலத்தில் அவர் கல்வியைப் பற்றிப் பேசிய போதெல்லாம் அதில் வெளிப்பட்ட ஏக்கம், கற்க இயலாது போன ஒரு சிறுவனின் ஏக்கமே எனலாம்.

அவர் வளர்ந்த நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. தீட்டின் பெயரால் மனிதரைத் தொலைவில் நிறுத்தும் வழக்கம் அங்குக் கடுமையாக நிலவியது. ஒழுகினசேரிக்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை வேண்டும் என்று 1926இலும் 1930இலும் அறப்போர் நடந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் கோயில் நுழைவு ஆணை வெளியானது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 28 நிரம்பவில்லை. தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்த காலத்தைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்தவர் அவர்.

திரையும் சிறையும்

1930களின் நடுவில் தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மேனகா, சதிலீலாவதி ஆகிய படங்களின் வழியாகக் கிருஷ்ணன் திரைக்கு வந்தார். வசந்தசேனா படத்தின்போது டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார். கலையில் இணைந்த இருவரும் வாழ்விலும் இணைந்தனர். நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துத் தரும் தனிக்குழுவை அவர் உருவாக்கினார். பிறரது உடற்குறையையும் அறியாமையையும் இழிவுசெய்து சிரிக்க வைப்பதை அவர் விரும்பவில்லை. மூடவழக்கம், குடிப்பழக்கம், போலித்தனம் ஆகியவையே அவர் நகைச்சுவைக்கு இலக்காயின.

புகழின் உச்சியில் பேரிடி விழுந்தது. 1944ஆம் ஆண்டு சென்னையில் இதழாளர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், எம். கே. தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். அவர் சிறையிலிருந்த காலத்தில் அவர் பெயரிலான நாடகக் குழுவை மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் கலையாமல் காத்தனர். விடுதலைக்குப் பின் நாடகத் தந்தை பம்மல் சம்பந்தனார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டம் சூட்டினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுச் சிறைவாழ்வு அவரைக் கசப்புடையவராக ஆக்கவில்லை. 1949இல் வெளிவந்த நல்லதம்பி படத்தில், மக்களின் உள்ளத்தில் நிலைத்த கிந்தனார் காலட்சேபத்தோடு அவர் தோன்றினார்.

நந்தனார் சென்ற வழி

கிந்தனாரை அறிய வேண்டுமாயின் நந்தனாரை அறிதல் வேண்டும். பெரியபுராணம் போற்றும் அறுபத்துமூவருள் ஒருவர் திருநாளைப்போவார். ஆதனூரில் ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அவர், தில்லைக் கூத்தனைக் காண விழைந்தார்; நாளை போவேன், நாளை போவேன் என ஏங்கினார். முடிவில் தில்லையை அடைந்து, வேள்வித் தீயில் மூழ்கி, புதிய உருவோடு எழுந்த பின்னரே கோயிலுக்குள் சென்றார் என்பது புராணம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை இசைக் காவியமாக்கினார். கொடிய பண்ணையாரையும் அதில் படைத்தார். நாடகமாகவும் திரைப்படமாகவும் கதை பரவியது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினர். கதையின் ஒவ்வொரு திருப்பமும் தமிழ் மக்களுக்கு மனப்பாடம்.

அக்கதை கேட்போரை உருக வைத்தது. ஆயினும் அதன் நடுவே விடை காணாத கேள்வி ஒன்று இருந்தது. அன்பில் குறையாத ஒருவர் ஏன் தீயில் இறங்க வேண்டும்? குறை அவரிடம் இல்லை என்றால், தூய்மை செய்யப்பட வேண்டியது எது? பிறப்பு மனிதனைத் தாழ்த்தும் என்ற கருத்தைக் கதை வெல்லவில்லை. அதனோடு சமாதானம் செய்துகொண்டது.

கிந்தனார் சென்ற வழி

உடுமலை நாராயணகவி எழுதிய கிந்தனார் காலட்சேபம் இந்த இடத்தைத்தான் தொட்டது. கதாகாலட்சேபம் என்பது பக்திக்கே உரிய கலை. பாகவதர் மாலை அணிந்து நின்று கதை சொல்வார், இடையிடையே பாடுவார், பின்பாட்டும் மிருதங்கமும் துணைவரும். அந்த வடிவத்தை அப்படியே ஏற்றுப் பாகவதராகவே நின்றார் கலைவாணர். அவையோர் பழகிய இசையைக் கேட்டனர். பழகிய கதையை எதிர்பார்த்தனர். வந்ததோ வேறு கதை.

நந்தன் கடவுளைக் காண ஏங்கினான். கிந்தன் கல்வியைக் காண ஏங்குகிறான். நந்தனுக்குத் தில்லை, கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். நந்தனைப் பண்ணையார் தடுத்தார். கிந்தனைப் பள்ளி ஆசிரியரே அடித்து விரட்டுகிறார். நந்தன் தீயை நோக்கி நடந்தான். கிந்தன் தொடர்வண்டி ஏறிப் பட்டணம் போகிறான். அங்குக் கற்று, கல்வி அதிகாரியாகி, தன்னை விரட்டிய பள்ளியையே ஆய்வு செய்யத் திரும்பி வருகிறான். விரட்டிய ஆசிரியர் வரவேற்று நிற்கிறார். அவையில் சிரிப்பு எழுகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை அவையோர் உணரும்போது, பிறப்பைக் கொண்டு மனிதனை அளந்த பழைய அளவுகோல் அவர்கள் கண்முன் ஒடிந்து கிடக்கிறது.

தொடர்வண்டி என்னும் சோதனை

இக்காலட்சேபத்தின் உயிர்ப்பகுதி தொடர்வண்டிப் பயணம். அறிவியலின் படைப்பாகிய அவ்வண்டி குலம் கேட்பதில்லை. பயணச்சீட்டு மட்டுமே கேட்கிறது. பல குலத்தாரும் பல சமயத்தாரும் ஒரே பலகையில் தோளோடு தோள் உரசி அமர்கின்றனர்.

இதனை ஓர் அறிவியல் சோதனையாகவே நாம் படிக்கலாம். ஒரு கருத்து உண்மையாயின் அதற்கு விளைவு இருக்க வேண்டும். விளைவு காணப்படவில்லை எனில் கருத்தை மறுபடி ஆராய வேண்டும். இதுவே அறிவியல் முறை. நெருங்கினால் தீட்டு, தொட்டால் கேடு என்று மரபின் அதிகாரம் சொன்னது. தொடர்வண்டியில் எல்லாரும் நெருங்கினர், தொட்டனர், நெடுந்தொலைவு சென்றனர். எவருக்கும் எக்கேடும் நேரவில்லை. ஊர் வந்ததும் இறங்கி, மீண்டும் விலகி நடந்தனர். அப்படியானால் அந்த விலக்கம் எங்கிருந்து வந்தது? இயற்கையிலிருந்தா, மனிதன் வகுத்த வழக்கத்திலிருந்தா? இக்கேள்வியைக் கலைவாணர் வாதமாக நீட்டவில்லை. ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினார். விடையைப் பார்ப்போரிடமே விட்டுவிட்டார்.

கடவுளை வணங்குவோரை அவர் இகழவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. ஹரிதாஸ் போன்ற பக்திப் படங்களிலும் நடித்தவர் அவர். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளை ஏற்றவர். காந்தியடிகளிடம் ஆழ்ந்த மதிப்பும் கொண்டவர். நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தம் செலவில் காந்தியடிகளுக்கு நினைவுத் தூண் எழுப்பினார். அவர் எதிர்த்தது பக்தியை அன்று. பக்தியின் பெயரால் ஒரு சிறுவனைப் பள்ளி வாயிலில் நிறுத்திய அதிகாரத்தையே எதிர்த்தார்.

ஒரு காலட்சேபம் சாதியை ஒழித்துவிடவில்லை. கிந்தன் கல்விக்காகத் தன் ஊரை விட்டே போக நேர்ந்தது என்பதும் கதையில் உறையும் துயரமே. எனினும், இனி வரும் கிந்தன்கள் தீயைக் கடக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தைப் படிப்பறியாதோர் உள்ளத்திலும் அது விதைத்தது.

விருதுநகர் மண் கண்ட விடை

கிந்தனார் காட்டிய வழியை விருதுநகர் வட்டார மக்கள் தம் வாழ்வில் முன்பே நடந்து பார்த்தனர். கோயில் நுழைவு பற்றிய பகை 1899ஆம் ஆண்டு சிவகாசியில் பெருங்கலவரமாக வெடித்தது. வாயில் மறுக்கப்பட்ட மக்கள் தம் உரிமைக்காக வழக்காடினர். அதே வேளையில் பள்ளியும் கட்டினர். விருதுநகரில் 1889இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் சேர்த்த பிடியரிசியின் துணையால் வளர்ந்தது. அங்குப் பயின்ற சிறுவருள் ஒருவர் பின்னாளில் முதலமைச்சராகி, ஊர்தோறும் பள்ளி திறந்து மதிய உணவும் அளித்தார். அவர் பெருந்தலைவர் காமராசர். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய இரு இளைஞர்களும் கிந்தனைப் போன்றோரே. அறிவைத் தேடிப் பயணம் போனவர்கள் ஊரின் வாழ்வையே மாற்றினர்.

மறைவும் மறையாமையும்

1951இல் திரைக்கலைஞர் குழுவினருடன் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார் கலைவாணர். மணமகள், பணம் ஆகிய படங்களை இயக்கினார். பொத்தானை அழுத்தினால் காலைச் சிற்றுண்டி அருகில் வந்து நிற்கும் காலத்தைத் திரைப்பாடல் ஒன்றில் வேடிக்கையாகக் கனவு கண்டார். ஈட்டியதை எல்லாம் இல்லாதோர்க்கு ஈந்தார். வில்லுப்பாட்டில் தொடங்கிய அவர், காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக்கி, தம் முதல் கலைக்கே திரும்பினார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், 49 வயது நிறையும் முன்பே, சென்னையில் மறைந்தார். சென்னையில் அரசு அரங்கம் ஒன்று கலைவாணர் அரங்கம் என அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தியாகராய நகரில் உள்ள அவர் சிலையை 1969 சனவரியில் பேரறிஞர் அண்ணா திறந்துவைத்தார்.

இன்று விஸ்வநத்தத்தில் ஒரு மாணவி பள்ளிக்குப் புறப்படுகிறாள் எனக் கொள்வோம். அவளைப் பள்ளி வாயிலில் எவரும் தடுப்பதில்லை. ஆயினும் கலைவாணர் எழுப்பிய கேள்வி அவளுக்கும் உரியது. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேரும்போது, விதி என்று சொல்லி அழுது ஓய்வது ஒரு வழி. மருந்துக் கலவையில் உராய்வு எவ்வாறு நேர்ந்தது, உடலில் தேங்கும் மின்னூட்டம் ஏன் நிலத்துக்கு இறங்கவில்லை, ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் ஏன் இருந்தனர் எனக் காரணம் தேடுவது இன்னொரு வழி. முதல் வழி அடுத்த விபத்துக்கு இடம் தரும். இரண்டாம் வழி உயிரைக் காக்கும். தீயை விதி எனத் தலைவணங்கி ஏற்காமல் அதன் காரணத்தை ஆராய்வோர் எல்லாரும் கிந்தன் சென்ற வழியிலேயே செல்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. நந்தனார், கிந்தனார் ஆகிய இருவரின் பயணங்களையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் காரணம் ஆராயாமல் பின்பற்றப்படும் வழக்கம் ஒன்றைத் தேர்ந்து, எவரையும் புண்படுத்தாமல் அதனைச் சிந்திக்க வைக்கும் சிறு நாடகம் எழுதி நடித்துக் காட்டுக.
3. பட்டாசுத் தொழிலில் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகளையும் அவற்றின் அறிவியல் காரணங்களையும் தொகுத்து எழுதுக.