பாரடே கொண்ட அளவுகோல்

வாழ்வில் வெற்றி பெற விரும்பாதவர் எவரும் இலர். ஆயினும், வெற்றி என்பது யாது என்று ஆராய்ந்து பார்ப்பவர் மிகச் சிலரே. உலகம் எதனை வெற்றி என்று கூறுகின்றதோ, அதனையே வெற்றி எனக் கொண்டு அதன் பின்னே ஓடுவோர் பலர். மிகுந்த பொருள் ஈட்டியவனை வென்றவன் என்றும், உயர்ந்த பதவியில் அமர்ந்தவனை வென்றவன் என்றும், பட்டம் பெற்றவனை வென்றவன் என்றும் உலகம் பலவாறு அளக்கும். துணியை அளக்கும் கோலால் நெல்லை அளத்தல் இயலாது. நெல்லை அளக்கும் படியால் துணியை அளத்தலும் இயலாது. அவ்வாறே, ஒருவர் தாம் மேற்கொண்ட பணிக்கு உரிய அளவுகோலைத் தாமே தேர்ந்து கொள்ளல் வேண்டும். அங்ஙனம் தேர்ந்து, இறுதிவரை அதனினின்று வழுவாது வாழ்ந்த பெரியோருள் ஒருவர், மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி ஆவார்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஜேம்ஸ் பாரடே இரும்புக் கொல்லர். உடல் நலம் குன்றியவராதலின், அவரால் நாள்தோறும் உலைக்களத்தில் உழைக்க இயலவில்லை. 1801-ஆம் ஆண்டில் தானிய விலை மிக உயர்ந்தது. அக்காலத்தில் சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரம் முழுமைக்கும் ஒரே ஒரு ரொட்டி பங்காகக் கிடைத்தது என்பர். எழுத்தும் படிப்பும் சிறிது கணக்கும் கற்ற அளவில் அவருடைய பள்ளிப் படிப்பு முடிவுற்றது.

1804-ஆம் ஆண்டில், புத்தகங்களைக் கட்டடம் செய்து விற்கும் ரீபோ என்பவருடைய கடையில் மைக்கேல் ஏவல் சிறுவனாய் அமர்ந்தார். செய்தித்தாள்களை வீடுகளுக்குக் கொண்டு கொடுப்பதும், அவற்றை மீண்டும் வாங்கி வருவதும் அவர் வேலை. சிறுவனுடைய நாணயத்தைக் கண்டு மகிழ்ந்த ரீபோ, அடுத்த ஆண்டில், வழக்கமாகப் பெறும் கட்டணத்தையும் வாங்காமல், ஏழாண்டுக் காலத்திற்கு அவரைத் தொழில் பயிலும் மாணவராக ஏற்றுக்கொண்டார். கட்டடத்திற்கு வந்த புத்தகங்களின் புறத்தை மட்டும் கண்டு அமைந்தாரல்லர் பாரடே. அவற்றின் அகத்தையும் படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் இருந்த மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. படித்தவற்றை மெய்யோ பொய்யோ என்று சோதித்தறிய விரும்பி, கையில் கிடைத்த சில்லறைக் காசுகளைக் கொண்டு சிறு சோதனைகளைச் செய்து பார்த்தார்.

1812-ஆம் ஆண்டில், கடைக்கு வந்து செல்லும் அன்பர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு அனுமதிச் சீட்டுகள் அளித்தார். டேவி அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த இரசாயன அறிஞர். பாரடே தாம் கேட்டவற்றையெல்லாம் படங்களோடு விரிவாக எழுதி, தாம் கற்ற தொழிலின் திறம் விளங்கத் தாமே கட்டடம் செய்து, ஒரு கடிதத்துடன் டேவிக்கு அனுப்பினார். டேவி மகிழ்ந்தார், ஆயினும், விஞ்ஞானம் பொருள் தராத கடுந்தொழில் என்றும், கையிலுள்ள தொழிலை விடாதிருத்தலே நன்று என்றும் அறிவுரை கூறினார். பாரடே தம் விருப்பத்தில் தளரவில்லை. உதவியாளர் இடம் ஒன்று காலியானவுடன், 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வாரம் இருபத்தைந்து ஷில்லிங் ஊதியத்தில் அமர்த்தப்பட்டார். கழகக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளும் அவருக்கு அளிக்கப்பட்டன.

அவ்வாண்டு இறுதியில் டேவி தம் மனைவியாருடன் ஐரோப்பிய நாடுகளில் பயணம் செய்யப் புறப்பட்டார். உடன் சென்ற பாரடே, விஞ்ஞான உதவியாளர் வேலையோடு பணியாள் வேலையையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். பாரடே உள்ளம் நொந்தார். ஆயினும் பயணத்தைக் கைவிடவில்லை. ஆம்பியர், வோல்ட்டா முதலிய பேரறிஞர்களை நேரிற்காணும் பேறு பிறிதொரு வழியால் தமக்குக் கிட்டாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தாயகம் திரும்பியபின் அவர் புகழ் வளரலாயிற்று. மின்னோட்டத்தின் உதவியால் ஒரு கம்பி காந்தத்தைச் சுற்றி இடையறாது சுழலுமாறு 1821-ஆம் ஆண்டில் செய்து காட்டினார். இன்றைய மின் மோட்டார்களுக்கெல்லாம் முன்னோடி அதுவே. அவ்வாண்டிலேயே சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். 1823-ஆம் ஆண்டில் குளோரின் வாயுவை நீர்மமாக்கினார். 1825-ஆம் ஆண்டில் பென்சீன் என்னும் பொருளைக் கண்டறிந்தார். ஆலை முதலாளிகளும் வணிகர்களும் தம் பொருள்களைச் சோதித்துத் தருமாறு அவரை நாடி வந்தனர். அத்தொழிலால் மட்டும் ஓராண்டில் ஆயிரம் பவுனுக்கு மேல் வருவாய் கிடைத்தது. கழகத்தில் அவர் பெற்ற ஆண்டுச் சம்பளமோ நூறு பவுனே.

இந்நிலையில் 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் வந்தது. மின்சாரத்தால் காந்த சக்தி பிறக்கும் என்பதை உலகம் அப்பொழுதே அறிந்திருந்தது. காந்தத்தால் மின்சாரத்தைப் பிறப்பிக்க இயலுமா என்பதே பாரடே பல ஆண்டுகளாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினா. ஓர் இரும்பு வளையத்தின் இருபுறத்திலும் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடு சேர்த்தார்; மற்றொன்றின் அருகில், மின்னோட்டத்தைக் காட்டும் காந்த ஊசியை வைத்தார். மின்கலத்தைச் சேர்த்த நொடியில் ஊசி அசைந்து மீண்டும் அமைதியுற்றது. மின்கலத்தைப் பிரித்த நொடியில் ஊசி மீண்டும் அசைந்தது. மின்னோட்டம் மாறாது ஓடிய இடைவேளையில் ஊசி அசையவே இல்லை. மாற்றமே மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது என்னும் உண்மை இதனால் புலப்பட்டது. பின்னர், காந்தத்தைச் சுருளினுள் நுழைத்தும் வெளியே எடுத்தும் மின்னோட்டத்தை உண்டாக்கினார். காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றி இடையறாத மின்னோட்டத்தையும் பெற்றார். இன்று அணைக்கட்டுகளிலும் அனல் நிலையங்களிலும் சுழலும் பெரிய மின்னாக்கிகள் யாவும் இவ்வுண்மையின் வழிவந்தவை.

அப்பொழுதுதான் பாரடே தம் அளவுகோலைத் தேர்ந்துகொள்ளும் நிலை வந்தது. ஒரு நாளுக்கு உள்ள நாழிகைகள் எல்லார்க்கும் ஒன்றே. வணிகர் பொருள்களைச் சோதிக்கும் வேலையில் நாளைச் செலவிட்டால் செல்வம் குவியும். தாம் திறந்த புதிய வாயிலினுள் நுழைந்து காணப் பொழுது இராது. இரண்டையும் ஒருங்கே செய்தல் இயலாது என்பதை அவர் உணர்ந்தார். வணிகத் தொழிலைச் சுருக்கினார். ஆயிரம் பவுனுக்கு மேல் இருந்த அவ்வருவாய், 1832-ஆம் ஆண்டில் ஏறத்தாழ நூற்றைம்பத்தைந்து பவுனாகக் குறைந்தது. 1838-ஆம் ஆண்டில் ஒன்றுமில்லாது ஒழிந்தது. அவ்வாண்டுகளிலேதான் மின்சாரம் பொருள்களைப் பகுக்கும் முறைக்குரிய விதிகளை அவர் கண்டறிந்தார்.

பாரடே வறுமையை விரும்பி ஏற்றார் என்று இதனால் கருதலாகாது. வறுமையின் கொடுமையை இளமையிலேயே அறிந்தவர் அவர். படைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும், கலங்கரை விளக்கங்களைப் பேணும் கழகத்திற்கு ஆலோசகராகவும் இருந்து ஊதியம் பெற்றார். எவ்வளவு பொருள் போதும் என்பதைத் தாமே வரையறுத்துக்கொண்டு, அதற்கு மேல் வருவதற்குத் தம் பொழுதை விற்க மறுத்தார் என்பதே உண்மை. செல்வத்தைக் குவித்து வைத்தல் தகாது என்று கருதும் ஒரு சிறிய கிறித்தவ சபையைச் சார்ந்தவர் அவர். துணைவியார் சாராவும் அச்சபையினரே. எளிய வாழ்வை இருவரும் இனிய வாழ்வாகக் கொண்டனர்.

பொருளை வேண்டாதவர் மானத்தை விட்டவரல்லர். 1835-ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு உதவித்தொகை வழங்க எண்ணியது. அதன் பொருட்டுத் தம்மைக் காண வந்த பாரடேயிடம், அந்நாளைய முதலமைச்சர் மெல்போர்ன் பிரபு, அறிஞர்களுக்கு உதவித்தொகை அளிக்கும் வழக்கத்தையே இழித்துப் பேசினார். பாரடே வாதிடவில்லை, அமைதியாக வெளியேறினார். அன்றே, அத்தொகை தமக்கு வேண்டா என்று எழுதியனுப்பினார். அன்பர்கள் இடைநின்று பேசினர். முதலமைச்சர் தம் சொல்லுக்கு வருந்தி எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே, ஆண்டுக்கு முந்நூறு பவுன் உதவித்தொகையை அவர் ஏற்றுக்கொண்டார். பணத்தை ஏற்பதும் மறுப்பதும் அவருக்குப் பெரிதல்ல; விஞ்ஞானத்தின் மதிப்புக் குறையலாகாது என்பதே பெரிதாயிருந்தது.

இனி, தோல்வியை அவர் எவ்வாறு அளந்தார் என்பதையும் காண்போம். தொலைநோக்கிகளுக்கு ஏற்ற சிறந்த கண்ணாடி செய்யும் வேலையில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். எதிர்பார்த்த பயன் விளையவில்லை. உலகின் கண்ணுக்கு அது வீணான உழைப்பு. ஆயினும், 1845-ஆம் ஆண்டில் ஒளிக்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபொழுது, தாம் முன்பு செய்து வைத்திருந்த கனமான கண்ணாடித் துண்டே அவருக்குக் கைகொடுத்தது. காந்தத்தின் ஆற்றல் அக்கண்ணாடியினூடே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதைக் கண்டார். எல்லாத் தோல்விகளும் இவ்வாறு பயன் தந்துவிடவில்லை. புவியீர்ப்புக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு உண்டு என்று நம்பிப் பல சோதனைகள் செய்தார், ஒன்றும் புலப்படவில்லை. அதனை அவர் மறைத்தாரல்லர். இன்னின்ன சோதனைகள் செய்தேன், பயன் கிட்டவில்லை என்பதையே ஒரு கட்டுரையாக எழுதி, அறிஞர் அவையின் முன் வைத்தார். உண்மையை நாடுதலே வெற்றி என்று கொண்டவருக்கு, கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று கூறுதலும் அவ்வெற்றியின் ஒரு பகுதியே ஆகும்.

தாம் அறிந்தவற்றைப் பிறர்க்கு உரைப்பதையும் அவர் தம் பணியாகவே கொண்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்களுக்காக நிகழும் சொற்பொழிவுகளை அவர் பத்தொன்பது ஆண்டுகளில் நிகழ்த்தினார். எரியும் மெழுகுவத்தி ஒன்றைக் கையிற்கொண்டு இரசாயனத்தின் பல உண்மைகளை அவர் விளக்கிய உரைகள் நூல்வடிவம் பெற்று, இன்றும் படிக்கப்படுகின்றன.

பதவிகளும் பட்டங்களும் அவரைத் தேடி வந்தன. இங்கிலாந்தின் தலைசிறந்த அறிஞர் அவையாகிய ராயல் சொசைட்டி, தலைமைப் பதவியை ஏற்குமாறு அவரை வேண்டியது. அது தம் இயல்புக்கு ஒவ்வாது என்று பணிவுடன் மறுத்தார். ‘சர்’ என்னும் பட்டத்தையும் அவர் விரும்பவில்லை. பெற்றோர் இட்ட பெயரோடு வாழ்தலே அவருக்குப் போதுமாயிருந்தது. ஆயினும், தம் ஆராய்ச்சியை மதித்து விஞ்ஞானக் கழகங்கள் அளித்த சிறப்புகளை அவர் மகிழ்ச்சியுடன் ஏற்றார். ஆராய்ச்சிக்குக் கிடைத்த மதிப்பு வேறு, ஆளுக்குக் கிடைக்கும் ஆடம்பரம் வேறு என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தென் போர்லாண்டு என்னும் கடற்கரையிலுள்ள கலங்கரை விளக்கத்தில் மின்னொளியைப் பார்வையிட அவர் சென்றார். அவருக்கு அப்பொழுது அறுபத்தெட்டு வயது. சாலைகளைப் பனி மூடியிருந்தது. முதியவராகிய அவர் வேலிகளையும் சுவர்களையும் ஏறிக் கடந்து விளக்கத்தை அடைந்தார். காந்தத்தால் பிறந்த மின்சாரமே அவ்விளக்கை எரியச் செய்தது. தாம் 1831-ஆம் ஆண்டில் கண்ட உண்மை, நள்ளிரவில் மாலுமிகளுக்கு வழிகாட்டும் ஒளியாய் நிற்பதை அவர் கண்டார். அவ்வொளியினின்று அவருக்கு வாணிக வருவாய் ஏதும் இல்லை.

விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டு என்னும் இடத்தில் வழங்கிய இல்லத்தில், 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தவாறே பாரடே உயிர் நீத்தார். அவர் விரும்பியவாறே, ஆரவாரம் இன்றி ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். மின்னியல் அறிஞர்கள் தம் அளவைகளுள் ஒன்றுக்குப் ‘பாரட்’ என்று அவர் பெயரைச் சூட்டினர். தமக்கென ஓர் அளவுகோலைக் கொண்டு வாழ்ந்தவருடைய பெயரே உலகிற்கு ஓர் அளவாயிற்று.

மாணவர்களே! பாரடேயைப் போல யாவரும் பொருளீட்டலைத் துறத்தல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. வணிகன் நேர்மையாக ஈட்டும் பொருளும் வெற்றியே. உழவன் விளைக்கும் கதிரும் வெற்றியே. குடும்பத்தைக் காக்கும் பொறுப்புடையவன் ஊதியத்தை நாடுதலும் அறமே. நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும், அத்தொழிலில் எதனைச் செய்து முடித்தால் உங்கள் உள்ளம் நிறைவுறும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அதன்பொருட்டு எதனை விட்டுக்கொடுக்க இயலும், எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதையும் தெளிந்துகொள்ளுங்கள். அங்ஙனம் தெளிந்தவர், அயலாரின் செல்வத்தைக் கண்டு மயங்கார். தம் தோல்வியைக் கண்டு நாணார். நாளும் தம் பணியைச் செய்து மனநிறைவு எய்துவர்.