ஒளியைத் துரத்திய மாணவன்

தமிழ் படிப்பிக்கும் நான் பௌதிகம் பேசப் புகுதல் அன்பர் சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும் அல்பேட் ஐன்ஸ்ரைன் வரலாற்றில் ஆசிரியராயினார் ஊன்றி நோக்கத்தக்க பகுதியொன்று உண்டு.

1879 இல் ஜேர்மனியின் உல்ம் நகரிற் பிறந்த அவர், 16 வயதிற் சூரிச் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையிற் கணிதமும் பௌதிகமும் சிறப்புற எழுதியும் ஏனைய பாடங்களால் இடம்பெறாது, ஆரௌ நகரப் பாடசாலையிற் கற்கலானார். அங்கேதான் அக்கேள்வி எழுந்தது. ஒளியலையை அதன் வேகத்திலேயே ஒருவன் பின்தொடர்வானாயின் யாது காண்பான்? அலை அசைவற்று நிற்கக் காணவேண்டும். அத்தகைய அலையோ மக்ஸ்வெல் வகுத்த மின்காந்த விதிகளுக்குப் பொருந்தாது.

அடுத்த ஆண்டு சூரிச்சிற் சேர்ந்தார். அங்கே கணிதம் கற்பித்த மின்கோவ்ஸ்கி, வகுப்புக்கு ஒழுங்காக வாராத இம்மாணவனைச் சோம்பேறியென்றே கணித்திருந்தார். 1900 இற் கற்கை முடித்தும் நிலையான பதவி கிட்டவில்லை. 1902 இற் பேர்ண் நகர ஆக்கவுரிமைக் கந்தோரில் மூன்றாந்தர உத்தியோகத்தரானார். பாடத்திட்டத்தில் இல்லாத வினாவைக் கேட்கும் பிள்ளையை வாயடைக்கும் நம்மவர் இவ்விடத்திற் சற்றே நிற்றல் நன்று.

பத்தாண்டு சுமந்த கேள்விக்கு 1905 இல் விடை கண்டார். செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றராகிய ஒளிவேகம், சீராக இயங்குவோர் எவர் அளப்பினும் ஒன்றே எனக் கொண்டார். கொள்ளவே, காலமும் நீளமும் அளப்போரின் இயக்கத்துக்கேற்ப வேறுபடுவனவாயின. வேகங்களைக் கூட்டும் பழைய கணக்கும் வீழ்ந்தது. ஒளியின் அரைவாசி வேகத்திற் செல்லும் ஊர்தியிலிருந்து அதே அரைவாசி வேகத்தில் ஒரு குண்டை முன்னோக்கி எறிந்தால், நிலத்தில் நிற்பவனுக்கு அது ஒளிவேகம் ஆகாது. இரண்டு அரையின் கூட்டாகிய ஒன்றை ஒன்றேகாலால் வகுத்தல் வேண்டும். ஐந்தில் நான்கு பங்கே கிடைக்கும். எத்தனை முறை கூட்டினும் இவ்வாறே. சக்தியின் கணக்கும் இதற்கு ஒத்ததே. ஒளியின் 100 இல் 99 பங்கு வேகமெய்திய பொருளின் சக்தி, ஓய்வுநிலையில் இருந்ததன் ஏழு மடங்காகும். எஞ்சிய ஒரு பங்கைக் கடக்க எவ்வளவு ஊட்டினும் போதாது.

1907 இல் இதனினும் ஆழமான காரணத்தைக் காட்டினார். ஒளியினும் விரைந்து செய்தி அனுப்பல் கூடுமாயின், அதற்கேற்ற வேகத்தில் இயங்கும் ஒருவர் நோக்கில், செய்தி புறப்படுமுன்னரே போய்ச் சேர்ந்துவிடும். காரியம் முந்த, காரணம் பிந்தும்! தருக்கம் மட்டும் கொண்டு இதனை மறுத்தல் இயலாது, அநுபவம் முழுவதும் இதற்கு மாறு என்பதே அவர் நிலை. தருக்க நூலைப் பெரிதும் நம்பும் எனக்கு அந்த அடக்கம் மிகவும் உவப்பானது.

சோம்பேறியென்று கணித்த மின்கோவ்ஸ்கியே 1908 இல் இடத்தையும் காலத்தையும் ஒருங்கிணைத்து அக்கொள்கைக்கு வடிவியல் வகுத்தார். முதலில் அதனை வேண்டாத புலமையென எண்ணிய மாணவர், 1915 இன் பொதுச் சார்புக் கொள்கைக்கு அதுவே அடித்தளமாதல் கண்டார். ஆசிரியரோ 1909 சனவரியில், 44 வயதிலேயே மறைந்துவிட்டார்.

ஐன்ஸ்ரைன் 1955 ஏப்ரல் 18 இற் பிறின்ஸ்ரன் நகரிற் காலமானார். 1964 இல் வெளிவந்த பரிசோதனையொன்றில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேட்டோசி என்பார் இலத்திரன்களுக்குச் சக்தியை மேலும் மேலும் ஏற்றிப் பார்த்தார். நியூற்றன் கணக்கின்படி ஒளியின் ஏழு மடங்கு வேகத்தைக் கடந்திருக்க வேண்டிய இலத்திரன்களும் ஒளியை முந்தவில்லை.