கடலை எதிர்த்து நின்ற காரை
(பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் வாழ்க்கை வரலாறு)

அரசர்களின் பெயர்களையும் போர்கள் நடந்த ஆண்டுகளையும் நாம் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறோம். நாம் நாள்தோறும் நடந்து செல்லும் பாலமும் நமக்கு நிழல் தரும் கூரையும் இடிந்து விழாமல் இருப்பதற்கு யார் காரணம் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. ஒரு கட்டடம் நிற்பது கொத்தனாரின் கைத்திறனால் மட்டுமன்று. அதில் இடும் கல்லும் சுண்ணாம்பும் முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நம்பிக்கையின் பேரில் கட்டாமல் சோதனையின் பேரில் கட்டவேண்டும் என்று தம் செயலால் காட்டியவர் ஜான் ஸ்மீட்டன். அப்பெரியாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

இளமைப் பருவம்

ஸ்மீட்டன் 1724ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஆஸ்தார்ப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். பிள்ளையோ சிறு வயதிலேயே விளையாட்டுப் பொம்மைகளை விட்டுவிட்டு உளியையும் சுத்தியையும் நாடினான். ஒருநாள் வீட்டுக் களஞ்சியத்தின் கூரைமேல் ஏறித் தானே செய்த சிறு காற்றாலையைப் பொருத்திக்கொண்டிருந்ததைக் கண்டு பெற்றோர் பதறிப்போனார்கள் என்று சொல்வார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் நீராவி இயந்திரத்தைப் பார்த்து, அதேபோன்ற சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்து, தந்தையாரின் மீன்குளத்து நீரை எல்லாம் இறைத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. குளத்து மீன்களின் கதி என்னவாயிற்று என்று நாம் சொல்ல வேண்டியதில்லை!

மகன் தம்மைப் போலவே சட்டம் பயில வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அதற்காக 1742ஆம் ஆண்டு அவரை இலண்டனுக்கு அனுப்பினார். ஆனால் சட்டப் புத்தகங்களில் ஸ்மீட்டனின் மனம் ஒட்டவில்லை. தந்தையாரின் இசைவைப் பெற்று, நுண்ணிய அறிவியல் கருவிகளைச் செய்யும் தொழிலை மேற்கொண்டார். அளவு சிறிது பிசகினாலும் கருவி பயனற்றுப்போகும் தொழில் அது. எதையும் அளந்து பார்த்த பின்னரே நம்பும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வேரூன்றியது. 1753ஆம் ஆண்டு அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நீர்ச்சக்கரங்களையும் காற்றாலைகளையும் சிறு மாதிரிகளாகச் செய்து அவற்றின் ஆற்றலை அளந்து எழுதிய ஆய்வுக்காக, 1759ஆம் ஆண்டு அச்சங்கத்தின் காப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

எடிஸ்டோன் பாறை

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில் கடலுக்குள் இருப்பது எடிஸ்டோன் பாறைக் கூட்டம். நீர் ஏறும்போது பாறைகள் பெரும்பாலும் மூழ்கிவிடும். இருளில் வரும் கப்பல்களுக்கு அது எமனாக இருந்தது. ஹென்றி வின்ஸ்டன்லி என்பவர் 1698ஆம் ஆண்டு அங்கே முதல் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார். 1703ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வீசிய பெரும்புயல் அதைச் சுவடில்லாமல் அடித்துச் சென்றது. அன்றிரவு விளக்கத்திலேயே தங்கியிருந்த வின்ஸ்டன்லியும் அதனுடன் மறைந்தார். பின்பு ரட்யர்ட் என்பவர் பெரும்பகுதி மரத்தாலான இரண்டாவது விளக்கத்தை 1709ஆம் ஆண்டு கட்டி முடித்தார். அது 46 ஆண்டுகள் நின்று, 1755ஆம் ஆண்டு டிசம்பரில் தீப்பற்றி எரிந்து போயிற்று. முதலாவதைக் காற்றும் கடலும் கொண்டன. இரண்டாவதை நெருப்புக் கொண்டது.

மூன்றாவது விளக்கத்தை யார் கட்டுவது? விளக்கத்தின் உரிமையாளர்கள் ராயல் சொசைட்டியின் தலைவரிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் ஸ்மீட்டனின் பெயரைச் சொன்னார். அப்போது ஸ்மீட்டனுக்கு வயது முப்பத்தொன்றுதான். அதுவரை இத்தகைய பெரிய கட்டடம் எதையும் அவர் கட்டியதில்லை. தவறினால் போவது தம் பெயர் மட்டுமன்று. விளக்கைக் காப்பவர்களின் உயிரும் அதை நம்பி வரும் மாலுமிகளின் உயிரும் போகும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

மரம் வேண்டாம், முழுவதும் கல்லாலேயே கட்டுவது என்று முடிவு செய்தார். புயலில் சாயாத கருவாலி மரம் அடியில் பருத்து மேலே குறுகி நிற்பதைப் போலவே கோபுரத்தின் வடிவத்தை அமைத்தார். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லுடன் புறாவால் போன்ற வெட்டுகளால் கவ்விக்கொள்ளும்படி செதுக்கச் செய்தார். வெளிப்புறத்துக்குக் கிரானைட் கல். உட்புறத்துக்குப் போர்ட்லண்டு என்னும் இடத்துக் கல். ஆனால் கற்களுக்கிடையே எதை வைத்துப் பூசுவது? வீட்டுச் சுவரில் பூசும் சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றுப் பட்டால்தான் இறுகும். நீருக்குள் வைத்தால் கரைந்துவிடும். எடிஸ்டோனிலோ ஒரு வரிசைக் கல்லை வைத்து முடிப்பதற்குள் அலை வந்து மூடிவிடும். கோபுரத்தின் விதியே அந்தக் காரையில்தான் அடங்கியிருந்தது.

இரண்டு அங்குல உருண்டைகள்

கடினமான கல்லைச் சுட்டால் கடினமான சுண்ணாம்பு கிடைக்கும் என்பது ரோமானியர் காலம் தொட்டு வந்த நம்பிக்கை. ஸ்மீட்டன் அதை அப்படியே ஏற்கவில்லை. பல ஊர்களின் சுண்ணாம்புக் கற்களைத் தருவித்துச் சுட்டு, ஒவ்வொன்றிலும் காரை குழைத்து, சுமார் இரண்டு அங்குல விட்டமுள்ள உருண்டைகளாக உருட்டினார். விரலால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகியதும் அவற்றை நீருள்ள பாத்திரத்தில் மூழ்க வைத்தார். நீருக்குள் உருண்டைக்கு என்ன நேர்கிறது என்பதே அவருடைய தேர்வு. கரைந்தால் தோல்வி, மேலும் இறுகினால் வெற்றி. எளிமையான சோதனைதான். ஆனால் இதை முறையாகச் செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எத்தனை பேருக்குத் தோன்றியது?

முடிவு அவருக்கே வியப்பைத் தந்தது. பளிங்கு போன்ற கடினக் கல்லின் சுண்ணாம்பும் மென்மையான சீமைச் சுண்ணக்கல்லின் சுண்ணாம்பும் நீருக்குள் ஒரேபோலத் தோற்றன. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலுள்ள அபர்தா போன்ற இடங்களில் கிடைக்கும் நீலநிறச் சுண்ணாம்புக் கல்லின் காரை மட்டும் நீரில் இறுகி நின்றது. காரணம் என்ன? அப்போது ஸ்மீட்டன் பிளிமத்தில் வில்லியம் குக்வொர்த்தி என்னும் வேதியியல் வல்லுநரின் இல்லத்தில் தங்கியிருந்தார். அவரிடம் கற்ற முறைப்படி ஒவ்வொரு கல்லையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். மற்றக் கற்கள் ஏறக்குறைய முழுவதும் கரைந்தன. நீலக்கல் கரைந்த பின் அடியில் களிமண் தங்கியது. அந்தக் களிமண்ணைத் திரட்டிச் சுட்டபோது அது செங்கல்லாகவே ஆயிற்று. நீரில் இறுகும் குணத்துக்குக் காரணம் கல்லின் கடினம் அன்று, அதனுள் கலந்திருக்கும் களிமண்ணே என்று ஸ்மீட்டன் கண்டறிந்தார். நூற்றாண்டுகளாக வந்த நம்பிக்கை சில சிறு உருண்டைகளால் தகர்ந்தது.

இச்சுண்ணாம்புடன் இத்தாலியிலிருந்து வந்த பொசோலானா என்னும் எரிமலைத் துகளைச் சம அளவில் கலந்து தமக்கு வேண்டிய காரையை உருவாக்கினார். இதன் தத்துவம் நம் நாட்டுக் கொத்தனார்களுக்கும் பழக்கமானதே. செங்கல்லை இடித்த தூளைச் சுண்ணாம்புடன் கலந்து செய்யும் சுர்க்கிக் காரை இதே இனத்தைச் சேர்ந்தது. சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் கூடி நீரில் கரையாத பொருளாக மாறுகின்றன. 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையே பயன்பட்டது.

கோபுரம் எழுந்தது

1756ஆம் ஆண்டு கோடையில் பாறையைப் படிப்படியாக வெட்டும் வேலை தொடங்கியது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், அதுவும் நீர் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் பாறையில் வேலை செய்ய முடிந்தது. ஸ்மீட்டன் கரையிலிருந்து கட்டளையிடுபவராக இருக்கவில்லை. தொழிலாளர்களுடன் தாமும் பாறைக்குச் சென்று மேற்பார்வையிட்டார். 1757ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் முதல் கல் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. வேலை முடிந்தபோது விளக்கறையின் வாயிலுக்கு மேலுள்ள கடைசிக் கல்லில் இறைவனுக்குப் புகழ் கூறும் இரண்டு லத்தீன் சொற்களைப் பொறிக்கச் செய்தார். 1759ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இரவு 24 மெழுகுவர்த்திகளின் ஒளி கடல்மேல் பரவியது.

கடல் சும்மா இருந்துவிடவில்லை. 1762ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடும்புயல் ஒன்று வீசிப் பிளிமத்தில் பெருஞ்சேதம் விளைவித்தது. எடிஸ்டோன் கோபுரமோ அசையாமல் நின்றது. பாத்திரத்து நீரில் வெற்றி பெற்ற காரை பெருங்கடலிலும் வெற்றி பெற்றது.

தோல்வியும் பாடமும்

இதன்பின் ஸ்மீட்டனின் புகழ் நாடெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் கோல்டுஸ்ட்ரீம், பெர்த் ஆகிய இடங்களில் பாலங்கள் கட்டினார். ஃபோர்த்–கிளைடு கால்வாயைத் திட்டமிட்டார். படைத்துறைப் பொறியாளர்களிலிருந்து வேறுபடுத்தித் தம்மைச் சிவில் பொறியாளர் என்று அழைத்துக்கொண்டார். 1771ஆம் ஆண்டு சிவில் பொறியாளர் சங்கம் ஒன்று உருவாக முன்னின்றார்.

ஆனால் பெரியோர் வாழ்விலும் துயரம் உண்டு. டைன் ஆற்றின் குறுக்கே ஹெக்ஸம் என்னுமிடத்தில் அவர் திட்டமிட்ட பாலம் 1780ஆம் ஆண்டு முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1782ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருக்கெடுத்த வெள்ளம் அதை அடித்துச் சென்றது. தூண்களின் கல்லில் குறையில்லை. அவற்றைத் தாங்கிய சரளை மண்ணை வெள்ளம் அரித்துவிட்டது. புகழின் உச்சியில் இருந்த அவரை இச்செய்தி மிகவும் வருத்தியது. ஆயினும் அவர் தொழிலைக் கைவிட்டு ஓடவில்லை, தொடர்ந்து உழைத்தார். எடிஸ்டோன் பணியின் முழு வரலாற்றையும், சோதனைகளின் விவரத்தையும், 1791ஆம் ஆண்டு பெரிய நூலாக வெளியிட்டார். தாம் கண்டதைத் தம்மோடு புதைத்துக்கொள்ளாமல் பின்வருவோருக்கு விட்டுச்சென்ற பெருந்தன்மை அது. 1792ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் தாம் பிறந்த ஆஸ்தார்ப்பிலேயே காலமானார்.

இன்று வரை

ஸ்மீட்டன் ஏற்றிய விளக்கு அணைந்தாலும் அவர் காட்டிய வழி அணையவில்லை. களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நீரில் இறுகும் என்ற உண்மையைப் பின்பற்றிப் பலர் ஆராய்ந்தனர். 1824ஆம் ஆண்டு ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் போர்ட்லண்டு சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கட்டட வேலை நடக்கும் இடங்களில் கான்கிரீட் கலவையை 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, நீரில் மூழ்க வைத்து, 28ஆம் நாள் இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்கிறார்கள். எம் 20 வகைக் கான்கிரீட் என்றால் அன்று ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். நீரில் கிடக்கும் அந்தக் கட்டிகளை ஸ்மீட்டனின் உருண்டைகளுக்குப் பேரப்பிள்ளைகள் என்றே நாம் சொல்லலாம்.

சோதித்தவரும் சோதனைக்கு உட்பட்டவரே. காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட ஸ்மீட்டனின் பெயரால் வழங்கிய எண் ஒன்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வந்தது. விமானம் செய்ய முயன்ற ரைட் சகோதரர்கள் 1901ஆம் ஆண்டு அதைத் தாமே ஆராய்ந்து, அது அதிகமானது என்று கண்டார்கள். பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடாமல் சோதித்ததால்தான் அவர்கள் பறந்தார்கள். ஸ்மீட்டன் உயிருடன் இருந்திருந்தால் இதற்காக மகிழ்ந்திருப்பார் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

எடிஸ்டோன் கோபுரம் 120 ஆண்டுகளுக்கு மேல் கப்பல்களைக் காத்தது. பின்னர் பேரலை மோதும்போதெல்லாம் அது அதிரத் தொடங்கியது. கற்களோ காரையோ தளரவில்லை; கோபுரம் நின்ற பாறையைத்தான் கடல் அடியில் அரித்திருந்தது. ஆகவே அருகிலிருந்த வேறு பாறையில் புதிய விளக்கம் கட்டப்பட்டு 1882ஆம் ஆண்டு ஏற்றப்பட்டது. ஸ்மீட்டனின் கோபுரத்தின் மேற்பகுதியைப் பிளிமத் மக்கள் கல் கல்லாகப் பிரித்து எடுத்துவந்து தங்கள் ஊர்க் கடற்கரை மேட்டில் மீண்டும் கட்டினார்கள். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடிப்பகுதியோ நடுக்கடலில் பழைய பாறைமேல் அப்படியே நிற்கிறது. பாறையே அரிக்கப்பட்ட பின்னும் அந்தக் காரை தன் பிடியை விடவில்லை.

அன்புத் தோழியரே, வெளியே தெரியும் உயரத்தைக் காட்டிலும் வெளியே தெரியாத உறுதியே பெரிது. பிறர் உயிர் நம்மை நம்பியிருக்கும்போது இதுவே போதும் என்று ஊகத்தால் செய்வது பழியில் முடியும். பொறுமையாகச் சோதித்துச் செய்வதே அறமாகும். நம்மில் சிலர் நாளை மருத்துவராகலாம், ஆசிரியையாகலாம், பொறியாளராகவும் ஆகலாம். எந்தப் பணியாயினும் ஸ்மீட்டனைப் போல முதலில் சிறு உருண்டையைச் சோதித்து, பிறகு பெரிய கோபுரத்தை எழுப்புவோமாக!