நெல் வயல் மேல் விழுந்த மீத்தேன் பழி... அளந்து பார்த்த ஏ.பி.மித்ரா யார்?

வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி பக்கம் தண்ணி கட்டி நிக்கிற நெல் வயலில் காலை வெச்சுப் பாருங்க. சேற்றிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். அந்தக் குமிழிகளில் இருக்கும் முக்கியமான வாயு மீத்தேன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த, ரொம்ப எளிமையான கரிம வாயு. காற்றில் 10 லட்சத்தில் 2 பங்குகூட இல்லை. ஆனா பூமியைச் சூடாக்கும் வேலையில் கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

1990 வாக்கில், இந்த மீத்தேனை வைத்து இந்திய விவசாயி மேல் ஒரு பெரிய பழி விழுந்தது. அதை வாதாடி மறுக்காமல், வயலில் இறங்கி அளந்து பார்க்கச் செய்தவர் விஞ்ஞானி ஏ.பி.மித்ரா.

யார் இவர்?

முழுப்பெயர் அசேஷ் பிரசாத் மித்ரா. 1927 பிப்ரவரி 21-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். கொல்கத்தா பல்கலைக்கழகத்தில், அயனி மண்டல ஆய்வுக்குப் பெயர்போன சிசிர் குமார் மித்ராவிடம் ஆராய்ச்சி செய்தார். ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் வளிமண்டல மேலடுக்குதான் அயனி மண்டலம்.

1950-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போனார். அங்கே சி.ஏ.ஷெயின் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ இரைச்சல் வழியில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதை வைத்தே அயனி மண்டலத்தைப் படிக்கும் முறையை உருவாக்கினார். கைக்கு எட்டாத ஒன்றை வேறொன்றின் மூலம் அளப்பது, அவ்ளோதான்.

1954-ல் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1968-ல் பட்நாகர் விருது. 1982 முதல் 1986 வரை அந்த ஆய்வகத்தின் இயக்குநர். அடுத்து 1991 வரை, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநர். 1988-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1989-ல் பத்ம பூஷண்.

பழி எங்கிருந்து வந்தது?

புவி வெப்பமாதல் உலக அரசியலுக்குள் வந்த நேரம் அது. 1992-ல் ரியோ மாநாடு நடக்க இருந்தது. எந்த நாடு எவ்வளவு வாயு விடுது என்ற பட்டியல்தான், யார் எவ்வளவு குறைக்கணும் என்ற பேச்சுக்கு அடிப்படை.

இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு சொன்னது. மொத்த உலக நெல் வயல்களுக்கே அப்போது சொல்லப்பட்ட சராசரி மதிப்பு 11 கோடி டன். அதாவது மூன்றில் ஒரு பங்கு நம்ம தலையில்!

சிக்கல் என்னன்னா, அந்த மதிப்பீடு இந்திய வயல்களில் அளந்து வந்தது இல்லை. ஐரோப்பா, அமெரிக்க வயல்களில் கிடைத்த அளவை எடுத்து, இந்தியாவின் நெல் பரப்பால் பெருக்கிய கணக்கு.

எப்படி அளந்தாங்க?

மித்ராவின் முன்னெடுப்பில், 1991-ல் தேசிய இயற்பியல் ஆய்வகம் நாட்டின் பல ஆய்வு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு மீத்தேன் அளவீட்டு இயக்கத்தைத் தொடங்கியது. முக்கிய நெல் பகுதிகளில், பல வகையான வயல்களில் அளந்தார்கள்.

முறை எளிமையானது. நெற்பயிர் மேல் கண்ணாடி மாதிரியான பெட்டியைக் கவிழ்க்கணும். குறிப்பிட்ட இடைவெளியில் உள்ளே இருக்கும் காற்றை சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கணும். அதை ‘கேஸ் குரோமட்டோகிராப்’ கருவியில் செலுத்தினால் மீத்தேன் தனியாகப் பிரிந்து அளவு தெரியும். பெட்டிக்குள் அது கூடும் வேகமே, அந்த வயல் விடும் வாயுவின் கணக்கு.

விடை என்ன?

ஆண்டுக்கு சுமார் 40 லட்சம் டன். சொல்லப்பட்டதில் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு!

காரணம் தண்ணீரில் இருக்கு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மட்டுமே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். அந்த வாயுவின் பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே காற்றுக்கு வரும். பருவம் முழுக்கத் தண்ணி நின்னா வாயு அதிகம். நடுவில் வயல் காய்ந்தால் மண்ணுக்குள் காற்று போகும், மீத்தேன் சட்டென்று குறையும். இந்தியாவில் மானாவாரி நெல்லும், இடையிடையே காயும் வயல்களும் நிறைய. நம்ம மண்ணில் கரிமச்சத்தும் குறைவு.

அடுத்து 1998-லும் இதுபோன்ற அளவீடு நடந்தது. ஐ.நா-வுக்கு இந்தியா கொடுத்த முதல் தேசிய அறிக்கையில், 1994-ம் ஆண்டுக்கு நெல் வயல் மீத்தேன் 40.9 லட்சம் டன் என்றே பதிவானது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆடு மாடுகள் அசைபோட்டு செரிக்கும்போது வெளிவரும் மீத்தேன் கிட்டத்தட்ட 90 லட்சம் டன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் தரும் மாடும் இந்தக் கணக்கில் வரும்! ஆக, அளவீடு பழியைக் குறைத்தது மட்டும் இல்லை, எந்த மூலத்தை முதலில் கவனிக்கணும் என்பதையும் காட்டியது.

அதற்குப் பிறகு?

1999-ல் இந்தியப் பெருங்கடல் மேல் படரும் மாசுப் புகையை ஆராய்ந்த ‘இண்டோயெக்ஸ்’ திட்டத்தின் இந்தியப் பணிக்கும் மித்ரா தலைமை ஏற்றார். அதன் சர்வதேசத் தலைமை விஞ்ஞானிகளில் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வி.ராமநாதன். 2007 செப்டம்பர் 3-ல் மித்ரா டெல்லியில் காலமானார்.

இன்னைக்கு நமக்கு என்ன?

40 லட்சம் டன் என்பது சும்மா விட்டுவிடக் கூடிய அளவும் இல்லை. சுமார் 11 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதைக் குறைக்க உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் வழியை நம்ம விவசாயிகள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்வார்கள். வயலைக் காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சுவது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு. எவ்வளவு குறையுது என்பதை மட்டும், மித்ரா காட்டியபடி, அந்தந்த வயலில் அளந்துதான் சொல்லணும்.