ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவரும் ஆவார். தென்னிந்தியாவில் தனியார் பேருந்துப் போக்குவரத்தை வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவர். தொடக்கக் கல்விக்கு மேல் பயிலாத இவர் பிற்காலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். இந்தியாவின் எடிசன் என்று இவரைக் குறிப்பிடுவது வழக்கம். மின்சாரம், இயந்திரவியல், வேளாண்மை, வானொலி, ஒளிப்படக்கலை எனப் பல துறைகளில் இவர் ஈடுபட்டிருந்த போதிலும், இவை யாவற்றுக்கும் தொடக்கமாக அமைந்தது ஒரு மோட்டார் சைக்கிள் ஆகும்.

பிறப்பும் இளமையும்

துரைசாமி, கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர் கோபால்சாமி. பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆசிரியர்களின் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய சிறுவன் என்று இவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை கொங்கு நாட்டில் இன்றும் வழங்கி வருகிறது. பள்ளியை விட்டு நின்ற பின்னர் தோட்ட வேலைகளைப் பார்த்துக் கொண்டே, கிடைத்த தமிழ் நூல்களைத் தாமாகவே படித்து அறிவை வளர்த்துக் கொண்டார்.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் கலங்கல் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடோ குதிரையோ பூட்டாமல் தானே ஓடும் வண்டியைத் துரைசாமி கண்டது அதுவே முதன்முறை. வண்டி வழியில் நின்றுபோக, அதிகாரி மண்ணெண்ணெயும் துணியும் கேட்டு வாங்கி அதன் பாகங்களைத் துடைத்து மீண்டும் ஓட்டிச் சென்றார் என்றும், அருகில் நின்று அதைப் பார்த்துக் கொண்டிருந்த துரைசாமிக்கு அன்றே அவ்வண்டியின் மேல் தீராத ஆவல் பிறந்தது என்றும் இவரது வாழ்க்கைக் கதையைச் சொல்வோர் கூறுவர். கதை எப்படி இருப்பினும், அதன் பின் நடந்தது வியப்பிற்குரியது. ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்த அவர், ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அதே அதிகாரியிடமிருந்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார். கொடுத்த விலை சில நூல்களில் 300 ரூபாய் என்றும் சிலவற்றில் 400 ரூபாய் என்றும் காணப்படுகிறது. அக்காலத்தில் இரண்டுமே ஒரு பரிமாறுபவருக்கு மிகப்பெரிய தொகையாகும்.

அவ்வண்டி 1912 ஆம் ஆண்டைய ரட்ஜ் ஆகும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் முதலில் மிதிவண்டிகளைச் செய்து புகழ் பெற்றது. 1911 முதல் மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1914 இல் மான் தீவில் நடைபெற்ற புகழ்பெற்ற பந்தயத்தில் வென்றதும் ரட்ஜ் வண்டியே. நாயுடுவின் காலத்து ரட்ஜ் 499 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஒரே உருளையும் கொண்ட, மூன்றரைக் குதிரைத்திறன் வண்டி. சங்கிலிக்குப் பதிலாக ஒரு வார்ப்பட்டை இயந்திரத்தின் சுழற்சியைப் பின்சக்கரத்திற்குக் கொண்டு சென்றது.

இன்றைய வண்டிகளை மட்டுமே அறிந்தவர்களுக்கு அதை ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பது எளிதில் விளங்காது. கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டும் அமைப்பு அதில் இல்லை. எரிபொருளுக்கு ஒரு நெம்புகோல், காற்றுக்கு ஒரு நெம்புகோல், தீப்பொறி எழும் நேரத்தை முன்பின்னாக மாற்ற மற்றொன்று எனக் கையால் இயக்க வேண்டியவை பல. மசகெண்ணெயையும் ஓட்டுநரே ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பம்பால் செலுத்த வேண்டும். மறந்தால் உருளை சூடேறி இறுகிவிடும். மழையில் வார்ப்பட்டை நழுவும். பிரேக் மிதிவண்டிக்குரிய அளவினதே. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டச் சாலைகளோ பெரும்பாலும் மாட்டு வண்டித் தடங்கள். ஆகவே இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமல் அவ்வண்டியை ஓட்டியவர் விழுந்தார், அல்லது வழியில் நின்றார்.

நாயுடு வண்டியை வாங்கியதும் செய்தது அதை ஓட்டிப் பார்த்து மகிழ்ந்தது அன்று. பரிமாறும் வேலையை விட்டுவிட்டு, வண்டியை முழுவதுமாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதனோடு பொருந்துகிறது, எதற்காக அங்கே இருக்கிறது என்று ஆராய்ந்து மீண்டும் பூட்டினார். பிறகு மறுபடியும் கழற்றினார். கற்றுக் கொடுக்க ஆசிரியரோ, ஆங்கிலக் கையேட்டைப் படிக்கும் பயிற்சியோ அப்போது அவருக்கு இல்லை. இவ்வாறு பலமுறை பிரித்துக் கோத்ததன் பயனாகவே அவர் ஓர் இயந்திரத் தொழிலாளி ஆனார்.

இம்முறையின் பொருத்தத்தை இன்றும் காணலாம். விளையாட்டு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை உயர்த்தி ஓட்டும் வித்தையை மூடிய திடலில் முறையாகக் கற்பவர்க்கு முதலில் பழக்கப்படுவது முறுக்குப்பிடி அன்று, பின்பிரேக்கே ஆகும். பின்சக்கரத்தின் உந்துவிசை வண்டியின் எடையை வென்று முன்பகுதியைத் தூக்குகிறது. அளவு மீறினால் வண்டி பின்னோக்கிக் கவிழும். அந்நேரத்தில் பின்பிரேக்கை மெல்ல அழுத்தினால் முன்சக்கரம் தரைக்கு இறங்கிவிடும். மூன்றரைக் குதிரைத்திறன் ரட்ஜில் முன்சக்கரம் தானாக எழும் அபாயம் இல்லைதான். ஆயினும் கட்டுப்படுத்தும் உறுப்பை முதலில் அறிந்து, வேகத்தைப் பின்னர் நாடும் அதே வரிசையில்தான் நாயுடுவும் தம் வண்டியைக் கற்றார்.

பேருந்துப் போக்குவரத்து

முதல் உலகப்போர்க் காலத்தில் நாயுடு பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருளீட்டினார் என்றும், பின்னர் பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதனை இழந்தார் என்றும் அறியப்படுகிறது. ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்தது மீண்டும் மோட்டார் அறிவே. கோயம்புத்தூரின் முன்னணித் தொழிலதிபராக இருந்த ஆங்கிலேயர் இராபர்ட் ஸ்டேன்ஸ் இவரது திறமையைக் கண்டு உதவினார். 1920 இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அப்பேருந்தின் ஓட்டுநரும் அவரே.

யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் எனப் பெயரிடப்பட்ட இந்நிறுவனம் யு. எம். எஸ். என்ற சுருக்கப் பெயரால் கொங்கு நாடெங்கும் அறியப்பட்டது. 1933 வாக்கில் இதனிடம் சுமார் 280 பேருந்துகள் இருந்தன என்பர். ஒரு பேருந்து இருநூற்று எண்பதாகப் பெருக எடுத்துக்கொண்ட காலம் பதின்மூன்று ஆண்டுகள். வண்டிகளைப் பழுதுபார்க்க வெளியாரை நம்பாமல் சொந்தப் பணிமனைகளை அமைத்துக் கொண்டதும், குறித்த நேரத்தில் வண்டிகளை ஓட்டியதும் இவ்வளர்ச்சிக்கு முக்கிய காரணங்கள் ஆகும். பயணச்சீட்டு வழங்கும் பொறி, இயந்திர அதிர்வைச் சோதிக்கும் கருவி ஆகியவையும் இவர் உருவாக்கியவையாகக் குறிப்பிடப்படுகின்றன. பேருந்து வழியில் நின்றபின் சரிசெய்வதைவிட, நிற்கும் முன்பே கோளாறைக் கண்டறிவது நல்லது என்னும் எண்ணம் இக்கருவியில் தெரிகிறது.

கண்டுபிடிப்புகள்

1937 இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்னோடி ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்னோடி என இது பரவலாகக் குறிக்கப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கிணற்றுப் பாசனத்தை நம்பியிருந்த கொங்கு மண்டலத்தில் மின்னோடிக்கும் நீரேற்றிக்கும் இருந்த தேவை பெரிது. கோயம்புத்தூர் பிற்காலத்தில் நாட்டின் நீரேற்றித் தொழில் மையமாக வளர்ந்ததற்கு இத்தகைய தொடக்கங்களே அடித்தளமாயின.

உலர் மின்கலத்தால் இயங்கும் சிறிய மின்னோடியைக் கொண்ட ரசாந்த் என்னும் சவரக்கருவி இவரது கண்டுபிடிப்புகளில் மிகவும் பேசப்படுவது. ஐரோப்பியப் பயணங்களில், குறிப்பாக ஜெர்மனியில், தாம் கண்ட பொறியியல் ஒழுங்கு இவரைப் பெரிதும் கவர்ந்தது. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி ஆகியன இவர் செய்த பிற பொருட்கள். 1941 இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என அறிவித்தார். 1936 இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார். அதே காலத்தில் தேர்தலிலும் நின்று தோல்வி அடைந்தார். வேளாண்மையில் பத்தடிக்கும் மேல் வளரும் பருத்திச் செடிகளை வளர்த்துக் காட்டினார்.

1952 இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் சிற்றுந்து ஒன்றை வெளியிட்டார். அதன் விலை 2,000 ரூபாய். ஆனால் அதனைப் பெருமளவில் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. வண்டி எவற்றைச் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை அரசே முடிவு செய்த காலம் அது. சிற்றுந்து ஒன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதற்கு இந்தியா அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 1983 இன் இறுதியில்தான் மாருதி 800 வந்தது. நாயுடுவின் வண்டி சாலையில் தாக்குப்பிடித்திருக்குமா என்பது வேறு. அதைச் சந்தையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அளிக்கப்படவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

கல்விப் பணி

சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் அமைக்கப்பட்டன. இவற்றுக்கு நாயுடு பெருமளவில் பொருளுதவி செய்தார். 1945 இல் அக்கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். அக்கல்லூரியே பின்னர் இடம் மாறி, கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் உறுதியான கருத்து. மாணவர்கள் கரும்பலகையின் முன் செலவிடும் நேரத்தைப் பணிமனையில் செலவிட்டால் விரைவாகவும் ஆழமாகவும் கற்பர் என்று அவர் நம்பினார். அரசு இதனை ஏற்கவில்லை. நாயுடு பதவி விலகினார்.

இக்கருத்து வேறுபாட்டை ஒரு பிடிவாதக்காரரின் செயலாக மட்டும் கொள்வது சரியன்று. உறுதிப்பாலம் ஒன்றை வடிவமைப்பவருக்குக் கணிதமும் கோட்பாடும் இன்றியமையாதன. அவற்றைக் கழற்றிப் பூட்டிக் கற்றுவிட இயலாது. அவ்வகையில் அரசின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. எனினும் பட்டம் பெற்றும் ஓர் இயந்திரத்தைத் திறந்து பார்த்திராத பொறியாளர்கள் உருவாவது குறித்து நாயுடு எழுப்பிய கேள்விக்கு அன்று எவரும் விடை கூறவில்லை. முதல்வர் பதவியிலிருந்து விலகிய பின்னரும் தொழிற்பயிற்சி அளிக்கும் முயற்சிகளை அவர் கைவிடவில்லை.

வரி எதிர்ப்பு

1950களின் முற்பகுதியில் விதிக்கப்பட்ட கடுமையான வரிகளை எதிர்த்து, தம்முடைய கண்டுபிடிப்புகள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் நாயுடு உடைத்தெறிந்தார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. தாம் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தவற்றைத் தம் கையாலேயே அழிக்கும் அளவுக்கு அவரது மனக்கசப்பு முற்றியிருந்தது. பிற்காலத்தில் அவரது கவனம் புதிய பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவருவதிலிருந்து விலகி, அறக்கொடைகள், தொழிலாளர் நலம், வேளாண் ஆய்வு ஆகியவற்றின் பக்கம் திரும்பியது.

இறுதிக் காலமும் நினைவும்

1967 இல் கோயம்புத்தூரில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். அடித்தளம் முதல் கூரை வரை ஒரே நாளில் ஒரு வீட்டைக் கட்டிக் காட்டியதும் அவ்வாண்டே. சனவரி 4, 1974 அன்று தமது 80 ஆம் அகவையில் காலமானார். அவருடைய நிறுவனங்களையும் அறக்கட்டளையையும் மகன் ஜி. டி. கோபால் தொடர்ந்து நடத்தினார்.

கோயம்புத்தூருக்கு மோட்டார் வண்டிகளின் மீதிருக்கும் பற்று நாயுடுவோடு நின்றுவிடவில்லை. மாருதி இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவில் பந்தய வண்டிகளை வடிவமைத்த எசு. கரிவரதன் இந்நகரைச் சேர்ந்தவரே. 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்த அவரது நினைவாக நகருக்கு வெளியே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்திற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. 2005 இல் பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர் ஆவார்.

அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு அருங்காட்சியகம் உள்ளது. இதனுடன் 2015 இல் பழைய சிற்றுந்துகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. அதே அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்தில் கட்டப்பட்டு, அக்டோபர் 9, 2025 அன்று திறக்கப்பட்ட உயர்மட்ட மேம்பாலத்திற்கு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.