ஏளனம் செய்த மீனுக்கு ஏற்றம் தந்த டாக்டர்

தூண்டில் போடுகிறவனுக்கு எதிரி யார்? ஆறா? மீனா? இரண்டும் இல்லை. அவன் மனதில் ஊறிப்போன பழைய எண்ணம்தான் எதிரி.

இதை அமெரிக்க மக்களுக்குப் புரியவைத்தவர் ஒரு டாக்டர். அவர் பெயர் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் ஹென்ஷல். அந்த நாட்டு ஆறுகளில் ஒரு வீர மீன் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. நாகரிகக் கனவான்கள் அதை மட்டமான மீன் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட அந்த மீனை அரியணையில் ஏற்றியவர் ஹென்ஷல்தான்!

நாலு ஆண்டுக்கு ஒரு பிறந்த நாள்

ஹென்ஷல் பிறந்தது 1836-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந்தேதி. ஊர், பால்டிமோர் நகரம். பிப்ரவரி 29 நாலு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். 1900-ம் ஆண்டிலோ அந்தத் தேதியே கிடையாது. ஆகவே 1896-க்குப் பிறகு 1904 வரையில் அவருக்குப் பிறந்த நாளே வரவில்லை!

அவர் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். கென்டக்கி மாகாணத்தில் சிந்தியானா என்ற ஊரில் வைத்தியம் பார்த்தார். பிறகு ஏரிகள் நிறைந்த விஸ்கான்சின் மாகாணத்திலும் வாழ்ந்தார். எங்கே போனாலும் அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, நோயாளிகளைப் பார்ப்பது. மற்றொன்று, தண்ணீரைப் பார்ப்பது.

சிந்தியானாவை ஒட்டி லிக்கிங் ஆற்றின் ஒரு கிளை ஓடுகிறது. அந்தப் பகுதி ஆறுகளில் கிடைக்கும் மீன்தான் பிளாக் பாஸ். அதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. குளத்திலும் தேங்கிய நீரிலும் வாழ்வது பெருவாய் பாஸ். கல்லும் ஓட்டமும் உள்ள தெளிந்த நீரை விரும்புவது சிறுவாய் பாஸ். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போனால் பெருவாய். கண்ணுக்கு நேர் கீழேயே முடிந்துவிட்டால் சிறுவாய். அடையாளம் அவ்வளவுதான்.

சிறுவாய் பாஸ் வெண்கல நிறமாக இருக்கும். உடம்பில் மங்கிய பட்டைகள் ஓடும். தூண்டிலில் மாட்டினால் சும்மா வராது. தண்ணீருக்கு மேலே எகிறும். தலையை உதறும். மறுபடி ஆழத்துக்குப் பாயும். ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு எடையுள்ள மீன்கூடத் தன்னைவிடப் பெரிய மீனைப் போலப் போராடும்.

புத்தகத்தில் இல்லாத மீன்

இப்படிப்பட்ட மீனை ஏன் ஒதுக்கினார்கள்?

காரணம், இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகங்கள்! ஐசக் வால்டன் என்பவர் 1653-ல் தூண்டில் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பிறகு அங்கே இதைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்தன. அவை பெரிதும் போற்றியவை சால்மன், டிரவுட் என்ற இரண்டு மீன்களைத்தான். டிரவுட் மீனை நாமும் அறிவோம். ஆங்கிலேயர் ஊட்டி மலை ஓடைகளில்கூடக் கொண்டுவந்து விட்ட மீன் அது.

பிளாக் பாஸ் இங்கிலாந்தின் மீன் அல்ல. ஆகவே அந்தப் பழைய நூல்களில் அதற்கு இடமில்லை. அமெரிக்கக் கனவான்கள் என்ன செய்தார்கள்? புத்தகத்தில் இல்லாத மீன் உயர்ந்த மீனாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினார்கள். அது ஏழைப் பையன்கள் மூங்கில் கழியால் பிடிக்கிற மீன் என்று ஏளனம் செய்தார்கள்.

பெயரிலும் அதே குழப்பந்தான். தென் மாகாணங்களில் பாஸ் மீனை டிரவுட் என்றார்கள். வேறு சில இடங்களில் சால்மன் என்றார்கள். கையில் இருப்பது என்ன மீன் என்று பார்க்கவில்லை. தெரிந்த பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள்!

முறிந்த துடுப்பால் வந்த பெயர்

படித்த விஞ்ஞானிகளும் தவறு செய்தார்கள். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லாசெபேட் என்பவருக்கு ஒரு சிறுவாய் பாஸ் கிடைத்தது. அது அமெரிக்காவிலிருந்து போன மீன். அதன் முதுகுத் துடுப்பு முறிந்து, பின்பகுதி தனியாக நின்றது. அது பழுது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த இனத்துக்கே தனியாக ஒரு சிறு துடுப்பு உண்டு என்று நினைத்தார். 1802-ல் மைக்ரோப்டெரஸ் என்று பெயர் வைத்தார். சிறு துடுப்பு என்று பொருள்!

முதலில் வைத்த பெயரே நிற்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் விதி. ஆகவே ஒரு பழுதுபட்ட மீனால் வந்த பெயர் இன்றும் நிற்கிறது. ஹென்ஷல் இந்தப் பெயர்க் குழப்பம் முழுவதையும் ஆராய்ந்தார். பாஸ் மீன்களின் வகைகளைப் பொதுமக்களுக்கும் புரியும்படி பிரித்துக் காட்டினார்.

கோல் மாறியது, கையும் மாறியது

அந்தக் காலத்தில் பாஸ் மீன் பிடித்தவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் நீண்ட கழியில் தடித்த கயிறு கட்டினார்கள். மீன் கடித்ததும் வெடுக்கென்று கரையில் வீசினார்கள். மற்றொரு சாரார் டிரவுட், சால்மன் மீன்களுக்கென்று செய்த நீண்ட கோல்களைக் கொண்டுவந்தார்கள். ஆறும் வேறு, மீனும் வேறு. பழக்கம் மட்டும் அதே பழக்கம்.

கென்டக்கியில் ஒரு நல்ல கருவி முன்பே பிறந்திருந்தது. அங்கே பாரிஸ் என்று ஒரு சிற்றூர். ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் அங்கே இருந்தார். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பல்சக்கரம் வைத்த ரீல் ஒன்றைச் செய்தார். கடிகாரத்துக்குள் சக்கரங்கள் சுழல்வதுபோல அதற்குள்ளும் சுழலும். இந்த வகை ரீலில், கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் நூல் சுற்றிய உருளை பல முறை சுழலும். பின்னால் வந்தவர்கள் நாலு சுற்று சுழலும்படி செய்தார்கள்.

நல்ல ரீல் இருந்தது. அதற்கு ஏற்ற கோல் இல்லை. ஹென்ஷல் அதற்கு வழி செய்தார். அவர் வகுத்த கோலின் நீளம் எட்டேகால் அடிதான். லேசானது, வளைந்து கொடுப்பது. மீனின் ஒவ்வொரு அசைவும் கைக்குத் தெரியும். வீசும்போது கட்டை விரலை உருளைமேல் மெதுவாக வைத்திருக்க வேண்டும். விரல் தவறினால் உருளை வேகமாகச் சுற்றி நூல் சிக்கலாகிவிடும். பலத்தால் இழுத்துப் பழகிய கைக்கு விரலின் பதம் சுலபமாக வராது. கற்றதை மறந்து புதிதாகக் கற்க வேண்டும்.

நோயாளியைப் போல மீனையும் பார்த்தார்

நல்ல டாக்டர் மருந்தை முதலில் தீர்மானிப்பதில்லை. நோயாளியை முதலில் பார்க்கிறார். ஹென்ஷல் மீனையும் அப்படித்தான் பார்த்தார். எப்போது முட்டையிடுகிறது? என்ன தின்கிறது? குளிர்காலத்தில் எங்கே போகிறது? இவற்றையெல்லாம் ஆராய்ந்து எழுதினார்.

சிறுவாய் பாஸ் வசந்த காலத்தில் முட்டையிடும். ஆண் மீன் வாலால் கூழாங்கற்களைத் துடைத்துக் குழி செய்யும். பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும். காவல் காப்பது தந்தைதான்! நம் ஊர் விரால் மீன் குஞ்சுகளைக் காப்பதுபோல இதுவும் எதிரிகளைத் துரத்தும். அந்த நேரத்தில் தந்தை மீனைப் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஒரு மீனோடு ஒரு குடும்பமே போய்விடும். இதனால்தான் பல இடங்களில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கத் தடை விதித்தார்கள்.

கோடையில் இந்த மீன் ஓட்டத்துக்கு அருகே இருக்கும். ஆனால் ஓட்டத்தின் நடுவில் நிற்காது. பெரிய கல்லுக்குப் பின்னால், நீர் சுழன்று தணியும் இடத்தில் நிற்கும். சிறு மீனும், கொடுக்குள்ள ஆற்று இறாலும் மிதந்து வரும். பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்பும். குளிர் வந்தால் ஆழமான மடுவில் ஒடுங்கிவிடும்.

இது தெரியாதவன் என்ன செய்கிறான்? போன மாதம் மீன் கிடைத்த இடத்திலேயே உட்காருகிறான். மீன் இடம் மாறிவிட்டது. அவன் மாறவில்லை. கூடை காலியானதும் ஆற்றில் மீன் இல்லை என்று சொல்லிவிடுகிறான்!

நாட்டை மாற்றிய புத்தகம்

1881-ம் ஆண்டு சின்சினாட்டி நகரில் ஹென்ஷலின் புத்தகம் வெளிவந்தது. முழுக்க முழுக்க பிளாக் பாஸ் பற்றிய புத்தகம் அது. மீனின் வரலாறு, வாழ்க்கை, கருவிகள், பிடிக்கும் முறை எல்லாம் அதில் இருந்தன. அளவுக்கு அளவு ஒப்பிட்டால் இதைவிடத் தீரமான மீன் இல்லை என்று அவர் வாதாடினார். ஒருநாள் அமெரிக்காவின் முதன்மையான தூண்டில் மீன் இதுவாகத்தான் இருக்கும் என்றும் கணித்தார்.

சிலர் நகைத்தார்கள். ஆனால் நிலைமை டாக்டரின் பக்கம் இருந்தது. காடுகளை வெட்டியதால் ஓடைகளின் நிழல் போயிற்று. மர ஆலைகளும் அணைகளும் பெருகின. குளிர்ந்த நீரை நம்பிய டிரவுட் பல இடங்களில் குறைந்தது. பாஸ் அதைவிட வெதுவெதுப்பான நீரையும் தாங்கியது.

மீனும் ஊர் விட்டு ஊர் சென்றது. 1854-ல் ஓஹியோ ஆற்றுப் பகுதியிலிருந்து சில பாஸ் மீன்களை ரெயிலில் கொண்டுபோனார்கள். எப்படி? ரெயில் என்ஜினுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில்! ஓட்டை போட்ட பாத்திரத்தில் மீன்களை விட்டு, அதைத் தொட்டிக்குள் தொங்கவிட்டார்கள். அந்த மீன்கள் போட்டோமாக் ஆற்றுப் பகுதியில் பெருகின.

ஹென்ஷலும் சர்க்கார் பணிக்கு வந்தார். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் மீன் பிரிவில் பொறுப்பு வகித்தார். 1897-ல் மான்டானா மாகாணத்தில் போஸ்மன் நகர மீன் பண்ணைக்குத் தலைவரானார். கிரேலிங் என்ற மீனை அங்கே பண்ணையில் பொரிக்கச் செய்து பெயர் பெற்றார். 1909-ல் மிசிசிப்பி மாகாணத்தில் டூப்பிலோ பண்ணைக்கு மாறினார். 1917-ல், 81 வயதில்தான் ஓய்வு பெற்றார். 1925 ஏப்ரல் 4-ந்தேதி, 89-வது வயதில் காலமானார்.

டாக்டருக்கும் ஒரு பிடிவாதம்

பழக்கத்தை உடைத்த அந்த மனிதரையும் பழக்கம் விடவில்லை. அவருடைய முதுமைக் காலத்தில் ஐந்து, ஆறு அடியே உள்ள குட்டைக் கோல்கள் வந்தன. இளைஞர்கள் தலைக்கு மேலே வீசிப் போட்டார்கள். ஹென்ஷலுக்கு அது பிடிக்கவில்லை. கண்டித்து எழுதினார். ஆனால் குட்டைக் கோல்தான் வென்றது. ஒரு காலத்தில் பிறருடைய நீளக் கோலைக் குறைத்தவர், தம்முடைய கோல் குறைவதைப் பொறுக்கவில்லை!

அவர் கணிப்பு மட்டும் பலித்தது. இன்று அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவோர் மிக அதிகமாக நாடுவது பிளாக் பாஸ் வகையைத்தான். 1955-ல் டேல் ஹாலோ ஏரியில் பிடிபட்ட சிறுவாய் பாஸ் 11 பவுண்டு 15 அவுன்ஸ் இருந்தது. அந்த இனத்தின் உலக சாதனை அது.

புகழ் வந்ததும் புதிய மூட நம்பிக்கையும் வந்தது. நல்ல மீன் எங்கே விட்டாலும் நல்லதுதான் என்று மக்கள் நினைத்தார்கள். 1937-ல் சிறுவாய் பாஸை தென் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள ஆற்று மீன்களுக்கு இப்படி ஒரு வேட்டை மீனைத் தெரியாது. பல இடங்களில் நாட்டு மீன்கள் அழிந்தன. ராண்டகாட் என்ற ஆற்றில் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்துக்கு 2012-லும் 2013-லும் மருந்து கலந்து பாஸ் மீன்களை ஒழித்தார்கள். அதன் பிறகு நாட்டு மீன்கள் திரும்பி வந்தன.

மட்டம் என்று ஒதுக்கியபோதும் மக்கள் மீனைப் பார்க்கவில்லை. உயர்ந்தது என்று கொண்டாடியபோதும் ஆற்றைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே தவறுதான்.

டாக்டர் ஹென்ஷல் செய்தது மிக எளிய காரியம். பிறர் சொன்னதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தண்ணீரில் இருப்பதைத் தம் கண்ணால் பார்த்தார். தூண்டில் பிடிப்பவருக்கு மட்டுமல்ல, எந்தத் தொழில் செய்பவருக்கும் அது உதவும்.