பெயரில் சொத்து, கையில் வெறுமை: அந்தப்புரப் பெண்களின் உரிமைக்காக உழைத்த கார்னீலியா சொராப்ஜி

நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு உரிமையாளர். ஆனால், தன் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஆண்டுதோறும் பெரும் குத்தகை வருவாய் வரும் நிலங்கள் அவருடைய பெயரில் உள்ளன. ஆனால், அந்தக் கணக்கை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளம், பிகார், ஒரிசா பகுதிகளின் ஜமீன் குடும்பங்களில் கணவனை இழந்த பல பெண்களின் நிலை இதுவாகவே இருந்தது. அத்தகைய பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக அந்தப்புரத்துக்குள்ளேயே சென்று பணியாற்றியவர், இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞராக அறியப்படும் கார்னீலியா சொராப்ஜி.

சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி இன்றும் பல குடும்பங்களில் எழுகிறது. சொராப்ஜியின் வாழ்க்கை அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. பங்கு எழுத்தில் இருந்தும் அது பெண்ணின் கைக்கு வந்து சேராதது ஏன் என்பதே அக்கேள்வி.

கல்வியில் முதலிடம், உதவித்தொகை மறுப்பு

கார்னீலியா சொராப்ஜி 1866-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி நாசிக்கில் பிறந்தார். தந்தை சொராப்ஜி கர்செட்ஜி, பார்சி சமூகத்திலிருந்து கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய போதகர். ஆங்கிலேயத் தம்பதியரால் வளர்க்கப்பட்ட தாய் பிரான்சினா, புணேயில் பள்ளிகளை நிறுவிப் பெண் கல்விக்காக உழைத்தவர். கார்னீலியாவின் சகோதரிகளில் சூசி கல்வியாளராகவும், ஆலிஸ் மருத்துவராகவும் பெயர் பெற்றனர்.

சிக்கலில் உள்ள பெண்கள் தாயைத் தேடி வீட்டுக்கு வருவது வழக்கம். நம்பிய காரியஸ்தரால் ஏமாற்றப்பட்டுச் சொத்தை இழந்த ஒரு பெண் அவ்வாறு வந்தபோது, அத்தகையோருக்கு உதவ வேண்டுமானால் சட்டம் படிக்க வேண்டும் என்று தாய் மகளுக்கு எடுத்துரைத்ததாகக் கார்னீலியா பின்னாளில் தமது வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்.

புணே டெக்கான் கல்லூரியில் பயின்ற அவர், மும்பை பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி ஆனார். தேர்வில் பெற்ற முதலிடத்தின்படி, இங்கிலாந்தில் மேற்படிப்புக்கான அரசு உதவித்தொகை அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். பெண் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. சில காலம் ஆமதாபாதில் உள்ள குஜராத் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த அவருக்கு, இங்கிலாந்தில் இருந்த நலம்விரும்பிகள் நிதி திரட்டி உதவினர். அவர்களில் செவிலியர் பணியின் முன்னோடியான புளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர்.

1889-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்த கார்னீலியா, சிறப்பு அனுமதி பெற்று 1892-இல் சட்டத் தேர்வை எழுதினார். அங்கு சட்டம் பயின்று தேர்வெழுதிய முதல் பெண் அவரே. எனினும், பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அந்தப் பல்கலைக்கழகத்தில் 1920 வரை இல்லை. எனவே, தேர்வில் வென்றும் பட்டம் இன்றியே அவர் தாயகம் திரும்பினார்.

எழுத்தில் உரிமையாளர்

நாடு திரும்பியதும் கத்தியவார், இந்தூர் பகுதிகளின் சமஸ்தானங்களில் பர்தா முறையைப் பின்பற்றிய பெண்களுக்காக அவர் பணியாற்றத் தொடங்கினார். அங்கு சிறப்பு அனுமதியின் பேரில் மனுக்களைத் தாக்கல் செய்ய முடிந்தது. ஆங்கிலேய ஆட்சிக்கு உள்பட்ட நீதிமன்றங்களில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய மட்டும் வழியில்லை. 1897-இல் மும்பை பல்கலைக்கழகத்தின் சட்டத் தேர்விலும், 1899-இல் அலாகாபாத் உயர்நீதிமன்றத்தின் வழக்கறிஞர் தேர்விலும் தேர்ச்சி பெற்ற பிறகும் கதவு திறக்கவில்லை.

அவர் கண்ட பெண்களின் சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது. வங்காளத்தில் நடைமுறையில் இருந்த தாயபாக முறைப்படி, ஆண் வாரிசு இல்லாத கணவனின் பங்கு மனைவிக்கு வந்து சேரும். ஆனால், அது வாழ்நாள் வரை மட்டுமே அனுபவிக்கத்தக்க வரம்புக்குள்பட்ட உரிமை. தக்க காரணமின்றி அவரால் அச்சொத்தை விற்க இயலாது. அவர் விரும்பியவருக்கு எழுதி வைக்கவும் இயலாது. அவரது மறைவுக்குப் பின் அது கணவன் வழி உறவினரைச் சென்றடையும். மறுமணம் செய்துகொண்டாலோ, 1856-ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்தின்படி அந்த உரிமையும் பறிபோகும்.

எஞ்சிய உரிமையைக்கூடக் காத்துக்கொள்வது எளிதாக இல்லை. உறவல்லாத ஆண்களின் முன் வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் அப்பெண்ணால் வழக்கறிஞரை நேரில் சந்திக்க முடியாது. நீதிமன்றம் செல்ல முடியாது. கணக்குப் பிள்ளையைக் கேள்வி கேட்க முடியாது. காகிதங்கள் திரைக்கு வெளியிலிருந்து உள்ளே வரும். கைநாட்டுடனோ முத்திரையுடனோ வெளியே செல்லும். அதில் எழுதப்பட்டிருப்பது குத்தகையா, விற்பனையா, தத்துப் பத்திரமா என்பதை அவருக்குப் படித்துச் சொல்பவர், பெரும்பாலும் அந்தப் பத்திரத்தால் பயனடையும் உறவினராகவோ காரியஸ்தராகவோ இருப்பார்.

இந்த ஆபத்தை நீதிமன்றங்களும் உணர்ந்திருந்தன. பர்தா முறையில் வாழும் பெண் எழுதிக் கொடுத்த பத்திரத்தை ஒருவர் ஆதாரமாகக் காட்டினால், அதன் பொருளை அப்பெண் முழுமையாக அறிந்தே ஒப்பமிட்டார் என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற கோட்பாடு வகுக்கப்பட்டது. ஆனால், அந்தப் பாதுகாப்பு பயன்பட வேண்டுமானால் வழக்கு முதலில் நீதிமன்றத்தை எட்ட வேண்டும்.

இருபதாண்டுப் பணி

சிறுவர்களின் சொத்துகளையும், நிர்வகிக்கத் தகுதியற்றவர்கள் என அறிவிக்கப்பட்ட பெண்களின் சொத்துகளையும் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு அமைப்பு பொறுப்பேற்று நடத்தி வந்தது. அதன் அதிகாரிகள் அனைவரும் ஆண்கள். யாருக்காகச் சொத்து நிர்வகிக்கப்படுகிறதோ, அவரையே அதிகாரியால் நேரில் காண முடியாத நிலை. இந்த இடைவெளியை நிரப்பப் பெண் சட்ட ஆலோசகர் ஒருவரை நியமிக்க வேண்டும் என 1902 முதல் அரசிடம் கார்னீலியா தொடர்ந்து வலியுறுத்தினார். 1904-இல் வங்காளத்தில் அந்தப் பொறுப்பு அவருக்கே அளிக்கப்பட்டது. 1907-க்குள் அவரது பணி பிகார், ஒரிசா, அஸ்ஸாம் வரை விரிவடைந்தது.

தொலைவில் இருந்த ஜமீன் மாளிகைகளுக்குப் பயணித்து, அந்தப்புரத்தில் அமர்ந்து, அப்பெண்களின் குறைகளை அவர் நேரடியாகக் கேட்டார். ஜீவனாம்சம் நிறுத்தப்பட்டவர்கள், வாரிசுரிமைச் சண்டையில் சிக்கியவர்கள், தந்தையை இழந்த சிறுவர்கள் ஆகியோரின் கோரிக்கைகள் அதிகாரிகளிடமும் நீதிமன்றங்களிடமும் அவர் வழியே சென்றன. ஏறத்தாழ 20 ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் ஆதரவற்ற சிறார்களுக்கும் அவர் உதவியதாகக் கணக்கிடப்படுகிறது. சில வேளைகளில் கட்டணம் ஏதும் பெறவில்லை. 1909-இல் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கப்பட்டது.

1921-இல் அலாகாபாத் உயர்நீதிமன்றம் அவரை வழக்கறிஞராகப் பதிவு செய்தது. பெண் என்பதால் வழக்கறிஞர் தொழிலிலிருந்து ஒருவரை விலக்கக் கூடாது என்ற சட்டம் 1923-இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது. முறையான தகுதியுடன் 1924-இல் கொல்கத்தாவில் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கு வயது 57. ஆனால், நீதிமன்றத்தில் வாதாடும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. சட்டக் கருத்துரை எழுதித் தரும் பணியே மிகுதியாக வந்தது. 1929-இல் ஓய்வு பெற்று லண்டனில் குடியேறினார்.

விமர்சனமும் மறதியும்

அவரது அரசியல் நிலைப்பாடு விமர்சனத்துக்கு உள்ளானது. ஆங்கிலேய ஆட்சியை ஆதரித்த அவர், விடுதலை இயக்கத்தை ஏற்கவில்லை. இந்தியச் சமூகத்தை இழிவுபடுத்தியதாகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த, அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோவின் 1927-ஆம் ஆண்டு நூலுக்கு ஆதரவளித்ததால், உடன் பணியாற்றிய பலரின் நம்பிக்கையை இழந்தார். பெண்களுக்கான சீர்திருத்தம் படிப்படியாகவே வர வேண்டும் என்று கருதிய அவரும், சட்டத்தையே மாற்ற வேண்டும் எனப் போராடிய அடுத்த தலைமுறைப் பெண் தலைவர்களும் எதிரெதிர்த் திசைகளில் நின்றனர். விடுதலைக்குப் பின் அவரது பெயர் நெடுங்காலம் பேசப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1954-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, 87-ஆவது வயதில் லண்டனில் அவர் காலமானார்.

இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டம்

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1956-இல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 14-ஆவது பிரிவு, பெண்கள் வரம்புடன் வைத்திருந்த சொத்தை முழு உரிமைச் சொத்தாக மாற்றியது. ஆயினும், பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கிடைக்கவில்லை. குடும்ப வீட்டில் பாகப்பிரிவினை கோரும் உரிமையும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை மகளுக்கு இல்லை என்று 23-ஆவது பிரிவு கூறியது. ஆந்திரம், தமிழகம், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்கள் தனித்தனியே திருத்தம் கொண்டுவந்தன. தமிழகத் திருத்தம் 1989-ஆம் ஆண்டுக்குரியது. நாடு தழுவிய திருத்தம் 2005-இல் வந்து, மகளையும் மகனுக்கு இணையான பங்காளி ஆக்கியது. 23-ஆவது பிரிவையும் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வாறு நெடுந்தொலைவு வந்துள்ளது. எனினும், சகோதரர்களுக்காக விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடும் மகள்களும், தம் பெயரில் உள்ள வீட்டின் ஆவணத்தைப் படித்துப் பார்த்திராத மனைவியரும் இன்றும் உள்ளனர். கார்னீலியா அந்தப்புரங்களில் அமர்ந்து செய்த பணியின் சாரம் எளிமையானது: ஒப்பமிடும் முன், அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உரியவருக்கு, அதனால் ஆதாயம் பெறாத ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பணிக்கான தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை.